ஃப்ரீ ராடிக்கலைக் குறைக்க: மாத்திரைக்கு முன் வாணலியைக் கவனியுங்கள்

பஜ்ஜி சுட்டு இறக்கிய வாணலியில், எண்ணெய் நின்ற மட்டத்துக்குச் சற்று மேலே பழுப்பு மஞ்சளாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் பிசின் மாதிரி இழுபடும், சோப்புப் போட்டாலும் லேசில் விடாது. எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையில் படிவதும் இதே பிசின்தான். பார்வைக்கு அழுக்கு, ஆனால் முழுக்க எண்ணெய். சூட்டில் எண்ணெய் மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து, ஃப்ரீ ராடிக்கல்கள் (பக்கத்து மூலக்கூறின் எலெக்ட்ரானைப் பறிக்கும் நிலையற்ற மூலக்கூறுகள்) வழியாக ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகிவிட்டன. உடம்பின் செல் சவ்விலும் கொழுப்புதான் இருக்கிறது. அங்கே ஃப்ரீ ராடிக்கல் தாக்கும்போது தொடங்கும் தொடர்வினையும் இந்த வகையைச் சேர்ந்ததே. சவ்வு விறைத்து, ஓட்டை விழுந்து, செல் பழுதாகிறது.

'ஃப்ரீ ராடிக்கலை அழிக்கும்' என்று எழுதி விற்கும் டப்பாக்களைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். முதலில் வெளியிலிருந்து வரும் ராடிக்கல்களைக் குறைக்க வேண்டும், அடுத்தது தட்டு. மாத்திரை மூன்றாவது, அதுவும் சிலருக்கு மட்டும்.

எதைக் குறைக்கிறோம், எதைக் குறைக்கக் கூடாது

மூலக்கூறுகளில் எலெக்ட்ரான்கள் பொதுவாக இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்திருக்கும். ஜோடியில்லாத ஒற்றை எலெக்ட்ரானோடு நிற்பதுதான் ஃப்ரீ ராடிக்கல். அது பக்கத்திலிருக்கும் மூலக்கூறிலிருந்து ஒரு எலெக்ட்ரானைப் பறிக்கும். பறிகொடுத்தது அடுத்த ராடிக்கல் ஆகிவிடும். இரண்டு ராடிக்கல்கள் மோதி ஜோடி சேரும்வரை, அல்லது வைட்டமின் ஈ போன்ற ஒன்று குறுக்கே வந்து தன் எலெக்ட்ரானைக் கொடுக்கும்வரை இந்தச் சங்கிலி நீளும்.

உடம்பில் அதிகம் உருவாவது சூப்பர் ஆக்ஸைடு. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் மூச்சோடு மூச்சாக இது பிறந்துகொண்டே இருக்கிறது. சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி இதை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றும். 1969-ல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் இந்த நொதியின் வேலையைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு கேட்டலேஸ், குளுடதயோன் பெராக்ஸிடேஸ் என்ற இரண்டும் பெராக்ஸைடை வெறும் தண்ணீராக்கிவிடும். இந்த நொதிகள் வேலை செய்யத் துத்தநாகம், தாமிரம், மாங்கனீஸ், இரும்பு, செலினியம் ஆகியவை தேவை. எல்லாமே சாதாரணச் சாப்பாட்டில் கிடைப்பவை.

பெராக்ஸைடு தண்ணீராகும் முன் கட்டவிழ்ந்த இரும்பைச் சந்தித்துவிட்டால்தான் சிக்கல். அப்போது ஹைட்ராக்ஸில் ராடிக்கல் பிறக்கும். 1894-ல் ஃபென்டன் விவரித்த இந்த வினை அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஹைட்ராக்ஸிலின் ஆயுள் சுமார் ஒரு நானோ நொடி. பிறந்த இடத்திலேயே கைக்குக் கிடைத்ததைத் தாக்கிவிடும், அது டி.என்.ஏ.வாக இருந்தாலும் சரி, புரதமாக இருந்தாலும் சரி. விழுங்கிய மாத்திரை ஓடிவந்து அதைப் பிடிக்க நேரமே கிடையாது. ஹைட்ராக்ஸில் உருவாகாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே வழி. உடம்பும் இரும்பை ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதங்களுக்குள் பூட்டி வைத்து இதையே செய்கிறது. அதனால் ரத்தப் பரிசோதனை இல்லாமல் ஆண்கள் இரும்புச்சத்து டானிக் குடிப்பது தேவையில்லாத வேலை. ரத்தசோகைக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த இரும்பு மாத்திரையை இதைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள்.

எல்லா ராடிக்கலும் எதிரியும் இல்லை. வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்வது சூப்பர் ஆக்ஸைடைப் பொழிந்துதான். அதை உருவாக்கும் நொதி பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்கு நாள்பட்ட கிரானுலோமா நோய் வந்து, திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டிகள் உண்டாகும். ரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்ஸைடும் ஃப்ரீ ராடிக்கல்தான், 1998 மருத்துவ நோபல் பரிசு அதற்குத்தான் கிடைத்தது. உடம்பில் ராடிக்கலே இல்லாமல் ஆக்குவது சாத்தியமும் இல்லை, நல்லதும் இல்லை.

தற்காப்பை மிஞ்சிப் பல ஆண்டுகள் நீடிக்கும்போது சேதம் சேர்கிறது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால் ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் அணுக்கள் அதை விழுங்கி, நுரைபோல உப்பி அங்கேயே படிந்துவிடும். மாரடைப்புக்குக் காரணமாகும் அடைப்பு அந்தப் படிவிலிருந்து வளர்கிறது. டி.என்.ஏ.வில் குவானின் என்ற எழுத்து எளிதில் அடிபடும். பெரும்பாலானவற்றை உடம்பே சரிசெய்துவிடும், விட்டுப்போனவை சேர்ந்தால் புற்றுநோய்க்கு வழி. கண் லென்ஸின் புரதங்கள் பழுதானால் புரை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இவை எல்லாமே வேகமாக நடக்கும். நீரிழிவு உள்ளவர் ஆன்டி ஆக்ஸிடன்ட் (ராடிக்கலை அடக்கும் பொருள்) தேடுவதைவிட, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி.யைக் குறைப்பது பலமடங்கு பலன் தரும்.

எண்ணெய்: வாங்குவதிலிருந்து கொட்டுவது வரை

ஒருவர் நேரடியாக மாற்றக்கூடிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்பு கூடக் கூட ஆக்ஸிஜன் சுலபமாகத் தாக்கும். இரண்டு இரட்டைப் பிணைப்புள்ள லினோலீயிக் அமிலம், ஒன்றே உள்ள ஒலீயிக் அமிலத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகக் கெடும். சூரியகாந்தி, சோயா எண்ணெய்களில் லினோலீயிக் அதிகம். தாளிக்கவும் வதக்கவும் இவை சரி, பொரிக்க ஏற்றவை அல்ல. பொரிக்கக் கடலை எண்ணெய், தவிட்டெண்ணெய் நல்ல தேர்வு. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைகொழுப்பு என்பதால் சூட்டில் லேசில் கெடாது. ஆனால் எல்.டி.எல்.லை ஏற்றும், எனவே வீட்டின் ஒரே எண்ணெயாக அது இருக்க வேண்டாம். நல்லெண்ணெய் தனி ரகம். லினோலீயிக் நாற்பது சதவீதத்துக்கு மேல் இருந்தும் அது நாள்பட நிற்கும். காரணம் எள்ளிலுள்ள செசமோலின். சூடாகும்போது இது செசமோலாக மாறி, சங்கிலியை நடுவிலேயே அறுத்துவிடும். ஊறுகாய்க்கு நல்லெண்ணெய் ஊற்றும் வழக்கத்துக்கு வேதியியல் பின்னாளில் சொன்ன காரணம் இது.

வாங்கும் அளவு: ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு) - தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் மாதிரித் தட்டில் நாளொன்றுக்கு 2000 கலோரிக்குக் கண்ணுக்குத் தெரியும் எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம். நான்கு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர் கணக்கு வரும், நெய்யும் அதற்குள் அடக்கம். 5 லிட்டர் கேன் மலிவுதான், ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதுக் காற்று உள்ளே போகும், எண்ணெய் குறையக் குறையக் காற்றுக்கான இடம் பெருகும். 1 லிட்டர் பாக்கெட்டுகளாக வாங்கி ஒன்றை முடித்து அடுத்ததைத் திறங்கள். கடையில் டியூப் லைட்டுக்கு நேரே நிற்கும் கண்ணாடி போன்ற பாட்டிலை விட்டுவிட்டுப் பின்வரிசையில் இருப்பதை எடுங்கள். செக்கு எண்ணெய் என்றால் ஆட்டிய தேதியைக் கேளுங்கள். அடியில் கசடும் ஈரமும் இருந்தால் சீக்கிரம் காறும். இரண்டு நாள் தெளியவிட்டு, மேலாக இறுத்து வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

வைக்கும் முறை: அடுப்புக்குப் பக்கத்து மேடை எண்ணெய்க்கு ஆகாத இடம். கதவுள்ள அலமாரியில் வையுங்கள். அன்றாடப் புழக்கத்துக்கு 250 மில்லி எவர்சில்வர் தூக்கு போதும். அதில் எண்ணெய் தீர்ந்ததும் கழுவி, ஈரம் போகக் காயவைத்த பிறகே மறுபடி ஊற்ற வேண்டும். தூக்கின் அடியில் நிற்கும் பழைய எண்ணெயில் பெராக்ஸைடுகள் சேர்ந்திருக்கும். புது எண்ணெயை அதன் மேலே ஊற்றினால், அந்தப் பெராக்ஸைடுகள் உடைந்து ராடிக்கல்களாகி, புதிதில் இருக்கும் வைட்டமின் ஈ-யைத் தின்றுவிடும். செம்பு, ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரங்களில் எண்ணெயை வைக்கக் கூடாது. தாமிரம் துளியளவு கரைந்தாலும் இந்த வினையை முடுக்கிவிடும். இரும்பு வாணலியில் சமைக்கலாம், ஆனால் மிஞ்சிய எண்ணெயை இரவு முழுக்க அதிலேயே விட்டுவைக்காதீர்கள்.

பொரிக்கும்போது:

1. வாய் அகன்ற வாணலியில் எண்ணெய் அதிகம் வேண்டியிருக்கும், காற்றுபடும் பரப்பும் அதிகம். குறுகலான, ஆழமான சட்டியில் 300 மில்லி ஊற்றினால் நான்கு பேருக்குப் பஜ்ஜி சுட்டுவிடலாம்.

2. சூடு 170 முதல் 180 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையென்றால் மாவில் மிளகளவு கிள்ளிப் போடுங்கள். அடிக்குப் போய் இரண்டு மூன்று நொடியில் மேலே வந்தால் பதம். அடியிலேயே கிடந்தால் சூடு போதாது, பலகாரம் எண்ணெய் குடிக்கும். விழுந்ததுமே மேலே எழும்பிச் சிவந்தால் சூடு மிஞ்சிவிட்டது. புகை வந்தால் அடுப்பை அணைத்து ஆறவிடுங்கள்.

3. காய்த் துண்டுகளைத் துணியால் ஈரம் ஒற்றிய பிறகு மாவில் தோய்த்தெடுங்கள். தண்ணீர் எண்ணெயைப் பிளந்து தனிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்கும். அது கூடக் கூடக் குறைந்த சூட்டிலேயே எண்ணெய் புகையும்.

4. சிப்ஸுக்கு உப்புத் தூளைச் சட்டிக்கு மேலே வைத்துத் தூவாதீர்கள். இறக்கி, தள்ளி வைத்துத் தூவுங்கள்.

5. ஒவ்வொரு ஈடு எடுத்ததும் உதிர்ந்த தூள்களை ஜல்லிக் கரண்டியால் அரித்து எடுங்கள். கருகிய தூள்தான் எண்ணெயை முதலில் கறுப்பாக்கும்.

6. இரண்டு ஈடுகளுக்கு நடுவே நேரமாகும் என்றால் அடுப்பைச் சிம்மில் வைக்காமல் அணைத்துவிடுங்கள்.

தீபாவளி மாதிரி நாளில் ஒரே எண்ணெயில் பல பலகாரம் சுடுவது தவிர்க்க முடியாது. அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே மூச்சில் சுட்டு முடியுங்கள். ஆறவைத்து, மறுநாள் திரும்பக் காயவைப்பதுதான் அதிகம் கெடுக்கும், ஏனென்றால் ஆறும் நேரத்தில் பெராக்ஸைடு சேரும், மறுபடி சூடேறும்போது அத்தனையும் உடையும். வரிசையும் முக்கியம். முறுக்கு, தட்டை போல மாவு உதிராதவை முதலில், பஜ்ஜி போண்டா அடுத்து, அதிரசம் கடைசியில். வெல்லம் கசிந்து கருகியதும் அந்த எண்ணெயின் ஆயுள் முடிந்தது.

மிஞ்சிய எண்ணெய்: வெதுவெதுப்பாக ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, மூடிய எவர்சில்வர் பாத்திரத்தில் வையுங்கள். ஓரிரு நாளுக்குள் குழம்புக்கோ பொரியலுக்கோ பயன்படுத்தித் தீர்த்துவிடலாம். மறுபடி பொரிக்க வேண்டாம். பின்வரும் அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும் தாளிக்கக்கூடத் தொடாமல் கொட்டிவிடுங்கள்: கரண்டியில் எடுத்து ஊற்றினால் பாகு போல இழையாக விழுவது, பலகாரத்தை எடுத்த பிறகும் மேலே சிறு நுரை அடங்காமல் நிற்பது, வழக்கமான சூட்டிலேயே புகைவது, தொண்டையில் காறுவது, சிக்கு வாடை. நிறம் மட்டும் சரியான அளவுகோல் அல்ல, மிளகாய்த் தூள் சேர்ந்த மாவு நல்ல எண்ணெயையும் சிவக்க வைக்கும்.

கெட்ட எண்ணெயில் என்னதான் இருக்கிறது? பெராக்ஸைடுகள் 180 டிகிரியில் நிலைக்காது, உடைந்து மாலோன்டைஆல்டிஹைடு, ஹைட்ராக்ஸிநொனினல் போன்ற ஆல்டிஹைடுகளாகும். இவை ராடிக்கல்கள் அல்ல, ஆயுள் நீண்டவை. உணவோடு வயிற்றுக்குள் போய்ப் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் தன்மை இவற்றுக்கு உண்டு. கடைகளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018 ஜூலை 1 முதல் ஒரு வரம்பு வைத்திருக்கிறது: எண்ணெயில் சிதைவுப் பொருள்களைக் குறிக்கும் மொத்தப் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. அளக்கும் கருவியோடு யாரும் வடைக்கடைக்குப் போக முடியாதுதான். சட்டியை எட்டிப் பார்க்கலாம். எண்ணெய்க்கு அடியில் கிடக்கும் வடை தெரியாத அளவுக்குக் கறுத்து, விளிம்பு நெடுக நுரை கட்டியிருந்தால் டீயோடு கிளம்புங்கள்.

கொட்டும்போது சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் பிசினாகிவிடும். பழைய செய்தித்தாளில் ஊறவிட்டுக் குப்பையில் சேர்க்கலாம். பயோடீசலுக்காக எடுத்துக்கொள்பவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் பாட்டிலில் சேர்த்துக் கொடுங்கள். பூஜை அறை விளக்குக்கு ஊற்றுவது சிக்கனமாகத் தெரியும், ஆனால் புகைக்கரி கூடி, மூச்சோடு உள்ளே போகும்.

எண்ணெய் மாதிரியே கெடும் மற்றவை

முழு எள்ளில் எண்ணெய் தோலுக்குள் பத்திரமாக இருக்கும். பொடித்ததும் பரப்பு பலமடங்காகி, காற்று எல்லாப் பக்கமும் புகும். இட்லிப் பொடி, எள்ளுப் பொடி, நிலக்கடலைப் பொடியை 200 கிராம் அளவில் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் அரையுங்கள். ஆளிவிதைப் பொடி இன்னும் மோசம், அதிலுள்ள லினோலெனிக் அமிலத்துக்கு மூன்று இரட்டைப் பிணைப்பு. விதையாகவே வாங்கி, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். பாதாமும் முந்திரியும் வறுக்காமல், மூடிய டப்பாவில், ஃப்ரிட்ஜில் நிற்கும். கசப்போ பெயின்ட் வாடையோ வந்த கொட்டையை வறுத்துச் சரிசெய்ய முடியாது.

மீன் எண்ணெய் கேப்ஸ்யூல் சாப்பிடுபவர்கள் மாதம் ஒருமுறை ஒன்றைக் கத்தரித்து முகர்ந்து பாருங்கள். லேசான மீன் மணம் இயல்பு. மூக்கைத் துளைத்தால் அந்தப் பாட்டிலுக்கு விடைகொடுங்கள். ஃப்ரீ ராடிக்கலைக் குறைக்க வாங்கிய பொருளே காறிப்போயிருப்பது அபூர்வம் அல்ல.

புகையும் வெயிலும்

சிகரெட்டின் ஒரே இழுப்புப் புகையில் சுமார் 10 கோடி கோடி ராடிக்கல்கள் இருக்கின்றன. இதை ஈடுகட்டும் கீரையோ கேப்ஸ்யூலோ கிடையாது. புகைப்பவர்களுக்கு நாளொன்றுக்கு 35 மில்லிகிராம் வைட்டமின் சி கூடுதலாகத் தேவை என்று அமெரிக்கப் பரிந்துரை சொல்கிறது. அது இழப்பைக் குறிக்கும் கணக்கு, பரிகாரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கொசுவர்த்திச் சுருளைப் பலரும் புகையாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கதவைச் சாத்திய படுக்கையறையில் விடிய விடிய எரியவிடுவதற்குப் பதில் கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள். சாம்பிராணி போட்டால் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், கைக்குழந்தை இருக்கும் அறையைத் தவிருங்கள்.

வெயிலில் காலை 10 முதல் மாலை 3 வரை முழுக்கைப் பருத்திச் சட்டை, குடை. சன் ஸ்கிரீன் பூசினால் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. பட்டாணியளவு தொட்டுத் தேய்த்தால் டப்பாவில் போட்டிருக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

தட்டில் என்ன மாற்றுவது

2000 கலோரித் தட்டுக்கு ஐ.சி.எம்.ஆர். சொல்லும் அளவு: காயும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு வகை 85 கிராம், கொட்டைகளும் எண்ணெய் வித்துகளும் 35 கிராம். நம் வீடுகளில் சறுக்குவது அந்த 400-ல்தான். சாம்பாரில் மிதக்கும் நாலு முருங்கைத் துண்டு காய்க் கணக்கில் வராது. மதியம் ஒரு கூட்டு, ஒரு பொரியல், இரவு ஒரு கீரை அல்லது காய், ஒவ்வொன்றும் ஒரு பெரிய கிண்ணம் என்று வைத்தால்தான் எட்டும்.

வைட்டமின் சி ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 80, பெண்களுக்கு 65 மில்லிகிராம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அரைக் கொய்யாவோ ஒரு நடுத்தர நெல்லிக்காயோ சாப்பிட்டால் அன்றைய பங்கு ஏறக்குறைய முடிந்தது. ஓர் எலுமிச்சையின் சாற்றில் 15 முதல் 20 மில்லிகிராம்தான். வைட்டமின் சி-க்கு இன்னொரு வேலையும் உண்டு: எலெக்ட்ரானைக் கொடுத்துத் தளர்ந்துபோன வைட்டமின் ஈ-யைத் திரும்ப வேலைக்குத் தயார் செய்வது. எனவே இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். வைட்டமின் ஈ நிலக்கடலை, பாதாம், எண்ணெய்களில் இருக்கிறது.

சமைக்கும்போது வைட்டமின் சி தண்ணீரில் கரைந்தும், சூட்டிலும், காற்றிலும் போய்விடும். காயைக் கழுவிய பிறகு நறுக்குங்கள், நறுக்கிய பிறகு கழுவாதீர்கள். தண்ணீரைத் தெளித்து, மூடி போட்டு வேகவையுங்கள். கீரை பச்சையாக இருக்கட்டும் என்று சமையல் சோடா போட்டால் நிறம் நிற்கும், வைட்டமின் போகும். எலுமிச்சை பிழிவது அடுப்பை அணைத்த பிறகு. நெல்லிச் சாறு, எலுமிச்சைச் சாற்றைச் செம்புச் சொம்பில் வைக்கவே கூடாது. எண்ணெயைக் கெடுத்த அதே தாமிரம் வைட்டமின் சி-யையும் அழிக்கும், போதாததற்குப் புளிப்பில் கரைந்து குமட்டலையும் தரும்.

எல்லாம் பச்சையாகத்தான் சாப்பிட வேண்டும் என்பதும் சரியல்ல. தக்காளியின் லைக்கோபீன், கேரட், கீரையின் பீட்டா கரோட்டின் இவையெல்லாம் கொழுப்பில் கரைபவை. வேகவைத்து, ஒரு டீஸ்பூன் எண்ணெய் சேர்த்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். தக்காளித் தொக்கு இந்த விஷயத்தில் தக்காளி சாலட்டை ஜெயிக்கிறது.

மஞ்சள் பற்றிப் பெரிய நம்பிக்கை இருக்கிறது. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம், அதிலும் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. குழம்புக்குப் போடும் அளவு பழக்கமாகத் தொடரட்டும். மிளகுச் சத்துச் சேர்த்த அதிக வீரிய குர்குமின் கேப்ஸ்யூல் வேறு கதை, கல்லீரல் பாதிப்புகள் அதோடு பதிவாகியிருக்கின்றன. 'இந்தப் பழத்தில் இத்தனை ஆயிரம் ஓராக் மதிப்பு' என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். ஓராக் என்பது ராடிக்கலை அடக்கும் திறனைச் சோதனைக் குழாயில் அளந்த எண். சோதனைக் குழாய் எண் உடம்புக்குள் நடப்பதைச் சொல்லாது என்பதால் அமெரிக்க வேளாண் துறை 2012-லேயே அந்தப் பட்டியலைத் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது.

மாத்திரை யாருக்கு, யாருக்குக் கூடாது

1956-ல் டென்ஹாம் ஹார்மன் முதுமைக்கு ஃப்ரீ ராடிக்கலே காரணம் என்ற கருத்தை முன்வைத்தார். அப்படியானால் ஆன்டி ஆக்ஸிடன்ட் கொடுத்தால் நோய் குறைய வேண்டும் அல்லவா? பெரிய அளவில் சோதித்தபோது முடிவு தலைகீழாக வந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வில், தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. அந்த முடிவு 1994-ல் வெளியானது. அமெரிக்காவில் பீட்டா கரோட்டின் மாத்திரையை வைத்து நடந்த 'CARET' என்ற ஆய்வை 1996-ல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. வைட்டமின் ஈ 400 யூனிட் தினம் எடுத்த ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதை 'செலக்ட்' (SELECT) என்ற ஆய்வு 2011-ல் சொன்னது. கேரட் சாப்பிட்டவர்களுக்கு வராத கேடு கேரட்டில் உள்ள அதே சத்தை மாத்திரையாக எடுத்தவர்களுக்கு வந்ததை, விளம்பரம் எழுதுபவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

உடற்பயிற்சியிலும் இதே நிலைமை. பயிற்சி செய்யும்போது ராடிக்கல் கொஞ்சம் கூடும். அந்த உறுத்தல்தான் தற்காப்பு நொதிகளை அதிகம் சுரக்கச் சொல்லித் தசைக்குச் சமிக்ஞை. 2009-ல் ஜெர்மனியில் நடந்த ஆய்வில், பயிற்சியோடு தினம் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும் எடுத்தவர்களுக்கு, இன்சுலின் நன்றாக வேலை செய்யும் என்ற பயிற்சியின் பலன் கிடைக்காமல் போனது. ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். வாரம் 150 நிமிட வேக நடையைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு போனால் போதும்.

மாத்திரைக்கு நியாயம் உள்ள இடங்களும் உண்டு. பரிசோதனையில் குறைபாடு தெரிந்தவர்கள் எடுக்கத்தான் வேண்டும். முதுமையில் விழித்திரையின் மையம் தேயும் மாகுலர் டிஜெனரேஷன் நடுநிலையை எட்டியவர்களுக்குக் கண் மருத்துவர் தரும் கலவை, நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தும். அதில் லூட்டின் 10, சியாசாந்தின் 2 மில்லிகிராம் இருக்கும். புகைப்பவர்களும் புகையை விட்டவர்களும் வாங்கும்போது பீட்டா கரோட்டின் இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும். பாரசிட்டமால் அளவு மிஞ்சிக் கல்லீரலின் குளுடதயோன் (உடம்பே தயாரிக்கும் ஆன்டி ஆக்ஸிடன்ட்) தீர்ந்துபோகும் ஆபத்தில் அசிடைல்சிஸ்டைன் உயிர் காக்கும் மருந்து. ஆனால் அது ஆஸ்பத்திரி வேலை, தாமதிக்காமல் ஓட வேண்டும்.

நிறம் வெளுக்க என்று ஏற்றப்படும் குளுடதயோன் ஊசியைத் தவிருங்கள். தோல் வெளுப்புக்கான எந்த ஊசிக்கும் அமெரிக்க எஃப்.டி.ஏ. ஒப்புதல் தந்ததில்லை. சிறுநீரில் சொட்டு விட்டு 'ஃப்ரீ ராடிக்கல் அளவு' காட்டும் சோதனையிலும் காசைப் போடாதீர்கள். நானோ நொடி வாழும் பொருளை அங்கே யாரும் அளக்கவில்லை. தெரிவது ஆல்டிஹைடு மிச்சம், முந்தின நாள் சாப்பிட்ட வறுவலாலும் அது ஏறும். அந்தப் பணத்தில் ஹெச்.பி.ஏ.1.சி., கொழுப்புப் பரிசோதனை, ரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள்.

தனிக் கவனம் வேண்டியவர்கள்

புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை அல்லது கீமோ எடுப்பவர்கள்: கதிர்வீச்சும் சில கீமோ மருந்துகளும் புற்றணுவைக் கொல்வது ஃப்ரீ ராடிக்கலை உண்டாக்கித்தான். ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை, லேகியம் எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்காதீர்கள். வழக்கமான காய்கறி, பழத்தை அவர் சொன்னபடி தொடரலாம்.

வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து) எடுப்பவர்கள்: அதிக அளவு வைட்டமின் ஈ ரத்தக் கசிவைக் கூட்டும்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள்: 1000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையைத் தினமும் போடாதீர்கள், அதன் ஒரு பகுதி ஆக்ஸலேட்டாக மாறும்.

தலசீமியாவுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றுபவர்கள்: உடம்பில் இரும்பு ஏற்கெனவே தேங்கியிருக்கும். இரும்பு மாத்திரையோ அதிக வைட்டமின் சி-யோ தாங்களாக எடுக்கக் கூடாது.

ஜி-6-பி.டி. (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவர்கள்: குளுடதயோனைத் திரும்பத் தயார் செய்யும் ஆற்றல் இவர்களின் சிவப்பணுவில் குறைவு. ஆக்ஸிஜனேற்றம் சற்றே கூடினாலும் சிவப்பணுக்கள் கூட்டமாக உடையும். மலேரியாவுக்கான பிரைமாகுவின், ஃபேவா பீன்ஸ் எனப்படும் பெரிய அவரை இரண்டும் கூடாது. வீட்டில் மறக்கப்படும் ஆபத்து பீரோவிலிருக்கும் அந்துருண்டை. நாப்தலீன் வாடையேறிய துணியில் சுற்றிய பச்சிளம் குழந்தைகளுக்கு இந்தக் குறைபாடு இருந்தால் கடும் மஞ்சள் காமாலை வரக்கூடும். குழந்தைத் துணி இருக்கும் அலமாரியில் அந்துருண்டை போடாதீர்கள். எடுத்துவைத்த பழைய துணி என்றால் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்தி, வாடை முற்றிலும் போன பிறகே பயன்படுத்துங்கள். குழந்தையின் சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், அந்துருண்டை வைத்திருந்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.